நூற்று இருபத்தேழு பல்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டும் ஒரு கம்பெனியிலிருந்து போன வாரம் ஒரு இன்ஜினியர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பெயர் ஷைலஜா. என் மருமகன் அங்கே ஃபோர்மேன். அவர்தான் அழைத்து வந்தார். பட்டு நூற்கும் பழைய இயந்திரம் ஒன்றைப் பழுது பார்க்கும் வேலை அவர்களுக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு சக்கரத்துக்கு 127 பல்.

"சார், இது 128ஆத்தானே இருக்கணும்? யாரோ தப்பா எண்ணிட்டாங்க போல. 128ஆவே வெட்டிடலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. "எழுதிக் குடுத்துடுங்க சார், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அதனால் எழுதுகிறேன். கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது. அதே மாதிரிச் சக்கரத்தை ஒருமுறை 128 ஆக்கிப் பார்த்த கூட்டத்தில் மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான்.

என் அப்பா கொள்ளேகால் பக்கத்து ஆள். ரயில்வேயில் ஃபயர்மேன் வேலை கிடைத்து மைசூருக்கு வந்தவர். என்னைக் கைத்தொழில் பள்ளியில் சேர்த்தார். அங்கே முதல் வருடம் இரும்பை அராவினேன். இரண்டாம் வருடமும் இரும்பை அராவினேன். மூன்றாம் வருடம் லேத்தைத் தொட விட்டார்கள். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பிறகு ஊரின் தெற்குக் கோடியில் இருந்த ஒரு பட்டு நூற்பாலையில் டர்னராகச் சேர்ந்தேன். மகாராஜா காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பட்டு பாராசூட் நெய்யப் போனது.

பட்டு நூற்பதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் பட்டுப்புழுக் கூடுகள் மிதக்கும். தொட்டிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து, சில கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக்கி மேலே விடுவாள். மேலே ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டே அந்த நூலை இழுத்துக்கொள்ளும். கூட்டிலிருந்து வரும் நூலில் பசை உண்டு. புழு வைத்த பசை. ஈர நூல்மேல் ஈர நூல் விழுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பிரித்தால் அறுந்து வரும். அப்படி ஆகாமல் இருக்க, ராட்டினத்துக்கு முன்னால் ஒரு கம்பி இடமும் வலமுமாக நடந்து, ஒவ்வொரு சுற்றிலும் நூலை வேறு இடத்தில் போடும். நூல் பழைய இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் கீழே இருப்பது காய்ந்திருக்க வேண்டும். அந்தக் கம்பியை நடத்துகிற சக்கரம்தான் நான் சொல்லும் சக்கரம்.

எங்கள் ஆலையில் பெரும்பாலான ராட்டினங்கள் உள்ளூரில் செய்தவை. அவற்றில் கம்பியை நடத்துவது ஒரு கயிறு. கயிறு வழுக்கும். வழுக்குகிற கயிறு எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. அதனாலேயே நூல் ஒரே இடத்தில் விழாது. பல்சக்கரம் வைத்த இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இத்தாலியிலிருந்து வந்தது. அது வேகமாக ஓடும், ஆலையிலேயே மெல்லிய நூலைக் கொடுக்கும். நல்ல கைகாரியைத்தான் அதில் உட்கார வைப்பார்கள். அந்தக் காலத்தில் அது மாதம்மா.

மாதம்மா கௌதள்ளிக்காரி. மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு நடந்து போன கணவன் திரும்பும் வழியில் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகளோடு மைசூருக்கு வந்து, எங்கள் ஆலையில் சேர்ந்து, யாரும் சொல்லித் தராமலே வரிசையில் முதல் ஆளானாள். பேச்சு குறைவு. பேசினால் எதிராளி பதிலுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பட்டறைக்கு சூப்பரிண்டெண்ட் திருநாராயணய்யங்கார். மேல்கோட்டைக் குடும்பம். கணக்கில் பி.ஏ. படித்தவர். வீட்டில் அவர்கள் பேசும் பழைய தமிழில் பாதி எனக்குப் புரியாது. பட்டறையில் எங்களுக்காக அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார். எல்லோரையும் 'ஓய்' என்றுதான் கூப்பிடுவார். மேனேஜரும் ஓய், நானும் ஓய், காவற்காரனும் ஓய். சத்தம் போடுகிற இயந்திரத்திடமும் "என்ன ஓய்?" என்று கேட்டுவிட்டுத்தான் காதை வைப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, குறையும். அவர் பேசுவது காதில் விழவில்லை என்றால் நாங்கள் பயந்து நிற்போம்.

ஒருநாள் இத்தாலிச் சக்கரம் உடைந்தது. வார்ப்பிரும்பு; உள்ளே ஏதோ பழைய விரிசல் இருந்திருக்கிறது. மூன்று துண்டாக விழுந்தது, ஓர் ஓரத்தில் கொஞ்சம் நொறுங்கியும் போயிற்று. இத்தாலி எதிரி தேசமாகிவிட்டதால் கடிதம் போட்டு வாங்க வழியில்லை. அய்யங்கார் துண்டுகளை மேஜைமேல் பொருத்தி வைத்து, சாக்குக்கட்டியால் குறி போட்டு எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். இரண்டு பேருக்கும் 127 வந்தது. நொறுங்கிய இடத்தில் இன்னொரு பல் இருந்ததா, வெறும் சந்துதானா என்பது தெரியவில்லை.

"127னு எவனாவது வைப்பானா ஓய்? பாக்கவே அசிங்கமா இருக்கு. நொறுங்கின எடத்துல ஒண்ணு இருந்திருக்கும். 128. இல்லேன்னா இத்தாலிக்காரனுக்கு எண்ணத் தெரியலை."

இன்னொரு சௌகரியமும் இருந்தது. சக்கரத்தைச் சமமாகப் பங்கு போட்டு வெட்ட, துளை வளையங்கள் உள்ள ஒரு தட்டை வைத்துக்கொள்வோம். எங்கள் தட்டில் 128க்கு வழி இருந்தது. 127க்கு இல்லை. ஆகவே 128 வெட்டினேன். பூட்டும்போது சின்னச் சக்கரத்தோடு இறுக்கமாக உட்கார்ந்தது. "சாமி, இறுக்குதுங்க" என்றேன். "தாங்கியை நூலளவு தள்ளி வையும்" என்றார். தள்ளி வைத்தேன். அழகாக ஓடியது. சத்தமே இல்லை. அய்யங்கார் இயந்திரத்திடம், "சௌக்யமா ஓய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராட்டினத்திலிருந்து கழற்றும் நூல்கற்றையைச் சிட்டம் என்போம். அடுத்த வாரம் மாதம்மாவின் சிட்டங்கள் ஒட்ட ஆரம்பித்தன. காயவைத்துப் பிரித்தால் நூல் பாளம் பாளமாக எழுந்து வந்தது. மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்தார். அவள் தண்ணீர்ச் சூட்டை மாற்றிப் பார்த்தாள். கூடுகளைக் குறைத்துப் பார்த்தாள். மறுபடியும் ஒட்டியது. மேனேஜர் கன்னடத்தில்தான் பேசுவார், அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "இயந்திரம் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. கூடு அதே கூடு. தண்ணீர் அதே தண்ணீர். பாக்கி இருப்பது இவள் கை."

சாதாரண நாளாக இருந்தால் சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார், அதோடு போயிருக்கும். அது சாதாரண நாள் இல்லை. ஊரில் சுதந்திரம் கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்தது. மாதம்மாவின் தம்பி ஒரு ஊர்வலத்தில் போனான் என்று யாரோ மேனேஜர் காதில் போட்டிருந்தார்கள். யுத்தத்துக்குப் போகிற பட்டை வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெங்களூரிலிருந்து ராணுவப் பரிசோதகர் வரவிருந்தார். அவர் வந்ததும் சிட்டத்தையும் மாதம்மாவையும் சேர்த்துப் போலீஸிடம் ஒப்படைப்பதாக மேனேஜர் சொன்னார். அதுவரை அவள் தொட்டியில் உட்காரக்கூடாது என்றார்.

வரிசையில் இருந்த மற்றப் பெண்கள் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போலீஸ் என்ற வார்த்தை வந்துவிட்டது. மாதம்மா வீட்டுக்குப் போகவில்லை. தினமும் காலையில் வந்து வாசல் பக்கத்துக் குழாயடியில் உட்கார்ந்துகொள்வாள், சங்கு ஊதும்போது எழுந்து போவாள். நான் ஒருநாள் அவளிடம், "எதுக்கு மாதம்மா இப்படி வந்து உக்காந்துட்டிருக்கற?" என்று கேட்டேன்.

"வூட்ல இருந்தா ஓடிப் போயிட்டான்னு சொல்லுவாங்கண்ணா. இங்க இருந்தா எல்லாத்துக்கும் தெரியுமில்லீங்க, நான் எங்கயும் போவலைன்னு."

நேராகப் போய் அய்யங்காரிடம் சொன்னேன். சிட்டம் ஒட்டுவது அவருக்குத் தெரியும். போலீஸ் விஷயம் தெரியாது. அவர் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

முதலில் வேறொரு பெண்ணை அந்த இயந்திரத்தில் உட்கார வைத்தார். எங்கள் ஆலையில் ஒருத்தி தொட்டியில் இன்னொருத்தி உட்காருவது வழக்கமில்லை. அவள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் இழுத்த நூலும் ஒட்டியது. இதைச் சொன்னபோது மேனேஜர் அசரவில்லை. "பார்த்தீர்களா, போவதற்கு முன்னால் இயந்திரத்தையும் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள்" என்றார். அய்யங்காரின் குரல் குறைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

பிறகு பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். ராட்டினத்தைக் கையால், மெதுவாக, நான் சுற்ற வேண்டும். அவர் குனிந்து, தன் நெற்றியில் இருந்த சிவப்பை விரலால் தொட்டு, ராட்டினச் சட்டத்தில் நூல் விழுந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். அன்றைக்கு மீதிப் பொழுது முழுவதும் அவர் நாமத்தின் நடுக்கோடு பாதிதான் இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"சுத்தும்."

ஒரு சுற்று. நூல் தள்ளி விழுந்தது. இரண்டு, மூன்று. வேறு வேறு இடம். நாலாவது சுற்றில் நூல் நேராகச் சிவப்புப் பொட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

"இன்னும் சுத்தும்."

இன்னும் நாலு சுற்று. மறுபடியும் பொட்டின்மேல். அய்யங்கார் நிமிர்ந்தார். கம்பியிடமோ ராட்டினத்திடமோ 'ஓய்' சொல்லவில்லை. பட்டறைக்கு நடந்து போய் உடைந்த துண்டுகளின் முன்னால் உட்கார்ந்தார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"ராட்டினத் தண்டுல இருக்கற சின்னச் சக்கரத்துக்கு எத்தனை பல்லு?"

"32 சாமி."

"128க்குள்ள 32 நாலு தரம் சரியாப் போறது. அதனால நாலே சுத்துல நூல் பழைய எடத்துக்கு வந்துடறது, ஈரம் காயறதுக்கு முன்னாடியே. சரி, 127ஐ எதால வகுக்கலாம் சொல்லும்."

யோசித்தேன். "ரெண்டால போவாது. மூணுலயும் போவாது, அஞ்சுலயும் போவாது. ஏழுல போட்டா ஒண்ணு நிக்குது."

"பதினொண்ணு?"

"ஆறு நிக்குதுங்க."

"அதோட நிறுத்தலாம். பன்னண்டு பன்னண்டு நூத்தி நாப்பத்தி நாலு, தாண்டிப் போயிடறது. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாது. பகா எண் ஓய். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீர். நானும் படிச்சேன், பி.ஏ. வரைக்கும்."

இயந்திரத்தோடு வந்த பெட்டியில் சின்னச் சக்கரங்கள் இன்னும் சில உண்டு. மெல்லிய நூலுக்கு ஒன்று, பருமனுக்கு ஒன்று என்று மாற்றி மாட்ட வேண்டும். அந்தப் பெட்டியையும் அவர் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுல எதை மாட்டினாலும் 127க்குள்ள சரியாப் போகாது. ரெண்டையும் சேத்து வகுக்கற எண்ணும் கிடையாது. நூத்தி இருபத்தேழு சுத்து ஆனப்புறம்தான் நூல் பழைய எடத்துக்கு வரும். இத்தாலிக்காரன் நம்மளை நம்பலை ஓய். யார் எந்தச் சக்கரத்தை எடுத்து மாட்டினாலும் தப்பு வரப்படாதுன்னு பகா எண்ணைப் பாத்துப் பொறுக்கி வச்சிருக்கான். நொறுங்கின எடத்துல பல்லு எதுவும் இல்லை, சந்துதான். எண்ணத் தெரியாதது அவனுக்கு இல்லை."

ஷைலஜா அம்மா இந்த இடத்தில் ஒன்று கேட்பார், எனக்குத் தெரியும். 32க்கு ஒற்றைப்படை எண் எதுவாக இருந்தாலும் போதுமே, 129 வைத்தால் என்ன என்பார். 32 மாட்டியிருக்கும்வரை போதும். நாளைக்கே ஒருவர் 30 பல் சக்கரத்தை எடுத்து மாட்டினால், 129லும் மூன்று போகும், 30லும் மூன்று போகும். நூல் சீக்கிரம் திரும்பிவிடும். பகா எண்ணுக்கு அந்தப் பேச்சே இல்லை. தவிர 128க்கே இறுக்கியது, 129 உட்காராது.

அய்யங்கார் மேனேஜரிடம் போய் இதையெல்லாம் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். மேனேஜர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ராணுவப் பரிசோதகரிடம் நான் பகா எண்ணைக் காட்ட முடியாது சுவாமி. பட்டைக் காட்டுங்கள்" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. பரிசோதகர் வரும் திங்கட்கிழமை வருவதாகத் தந்தி வந்திருந்தது.

அப்போது வந்தது அடுத்த சங்கடம். 127 பகா எண் என்பதால்தான் அது வேண்டும். பகா எண் என்பதால்தான் அதை வெட்டவும் முடியாது. எங்கள் தட்டில் 127 துளை வளையம் இல்லை. நூறு வரை பெரும்பாலான எண்களைப் பாதியாக்கி, மூன்றாக்கி, எப்படியாவது பிடித்துவிடலாம். இதைப் பிடிக்க ஒரு பக்கமும் இல்லை. உடைந்த துண்டுகளை வைத்து வெட்டலாம் என்றால் அவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை.

அய்யங்கார் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இரண்டாக மடித்தார். அதை மறுபடி இரண்டாக மடித்தார். மறுபடியும். வாய் மட்டும் அசைந்தது: ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. துணி மடிக்க முடியாத கட்டையாகிவிட்டது. வாய் நிற்கவில்லை. "நூத்தி இருபத்தெட்டு" என்றார். பிறகு மடித்த துணியின் மூலையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாதி பண்றது ரொம்பச் சுலபம் ஓய். கவராயத்தை வச்சுப் பாதி பாதியாப் பண்ணிண்டே போனா ஏழாந்தரம் 128 பங்கு, துல்லியமா வரும். நமக்கு ஒண்ணு ஜாஸ்தி. ஜாஸ்தியா இருக்கற அந்த ஒண்ணைக் கத்தரிச்சு எறிஞ்சுட வேண்டியதுதானே?"

எல்லாப் பகா எண்ணுக்கும் இந்த வழி கிடையாது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய் ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைப்பது அபூர்வம் என்று அவர் பிறகு சொன்னார். அந்த அபூர்வம் எங்கள் ஆலையில் வந்து மாட்டியிருந்தது. துணி ஒட்டிய வரைபடக் காகிதத்தில் நீளமாக ஒரு பட்டி வெட்டினோம். அவர் கவராயத்தால் பாதி போட, நான் ஊசியால் கோடு கீறினேன். ஏழு தரம். கடைசி ஒரு பங்கை அவரே கத்தரித்தார். கத்தரித்த துண்டைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பட்டி சரியாக ஒரு சுற்று வருகிற மாதிரி ஈட்டி மரத்தில் ஓர் உருளை கடைய வேண்டும். சக்கரத்தைவிட உருளை நாலு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்றார். பட்டியில் ஒரு மயிரிழை பிசகினால் சக்கரத்தில் அது கால் மயிரிழைதான் வரும். கொஞ்சம் கடைவேன், பட்டியைச் சுற்றிப் பார்ப்பேன். முனைகள் இன்னும் சேரவில்லை. மறுபடி கடைவேன். கடைசியில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தன. இரண்டு பேரும் காப்பி குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் ஒரு முனை இன்னொன்றின்மேல் ஏறியிருந்தது.

வெளியே ஆடிச் சாரல். ஈரத்தில் காகிதம் நீண்டுவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அய்யங்கார் குமுட்டி அடுப்பில் கரி போட்டுப் பட்டறைக்குள் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். ஜன்னல்களைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் காகிதம் சுருங்கி, முனைகள் விலகிச் சந்து தெரிந்தது. அடுப்பை வெளியே வைத்தோம். அது நீண்டது. அடுப்பை உள்ளே கொண்டுவந்தோம். முனைகள் சரியாகத் தொடுகிற நேரத்தில் பசை தடவி அழுத்தி, மேலே அரக்குப் பூசிவிட்டார். வியர்வையில் அவர் நாமம் முழுவதுமே போயிருந்தது.

உருளையையும் இரும்பு வட்டையும் லேத்தில் ஒரே தண்டில் பூட்டினோம். ஒரு தையல் ஊசியை முள்ளாக நிறுத்தினோம். ஊசி முனை கோட்டில் நிற்கும்போது தண்டைப் பூட்டிவிட்டு, பல் வடிவத்தில் தீட்டிய உளியை முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி ஒரு சந்து வெட்டுவேன். பிறகு அடுத்த கோடு. ஒவ்வொரு கோட்டிலும் அய்யங்கார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து "ம்" என்ற பிறகுதான் நான் உளியைத் தொட வேண்டும். ஒரே ஒரு தடவை "ம்" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். எழுப்பினேன். "நான் தூங்கலை, யோசிச்சிண்டிருந்தேன்" என்றார். கடைசிச் சந்து முடிந்து முதல் பல்லோடு சேர்ந்தபோது ஒரு பல்லும் ஒல்லியாகவும் இல்லை, தடியாகவும் இல்லை. தாங்கியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். சக்கரம் இறுக்கமில்லாமல் உட்கார்ந்தது.

ஓட்டிப் பார்க்க வேறு பெண்ணை உட்கார வைக்கலாம் என்றார் மேனேஜர். அய்யங்கார் ஒத்துக்கொள்ளவில்லை.

"பழி யார் கைமேல விழுந்ததோ அந்தக் கைதான் இழுக்கணும். வேற ஒருத்தி நல்ல நூல் இழுத்தா, பாத்தீரா, மாதம்மா இல்லேன்னா நன்னா வர்றதுன்னு சொல்லுவீர்."

மேனேஜர் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. நான் குழாயடிக்குப் போய் மாதம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒட்டினால் திங்கட்கிழமை போலீஸ் நிச்சயம், மறைக்காமல் சொன்னேன்.

"சக்கரம் சரியாயிருச்சுங்களாண்ணா?"

"அய்யங்கார் சரின்னு சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான்தான் வெட்டுனேன். சரியாத்தான் இருக்குது."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

அன்று முழுதும் அவள் நூல் இழுத்தாள். நான் பட்டறையில் வேலை செய்வதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் சிட்டத்தைக் கழற்றிக் காயப் போட்டார்கள். மறுநாள் காலை, மேனேஜர் முன்னால், அவள் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டி ஒரு உதறு உதறினாள். நூல் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தது. ஒட்டு இல்லை. மேனேஜர் வாங்கித் தானும் உதறினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "சரி, இயந்திரக் கோளாறு என்று பதிந்துவிடுகிறேன்" என்று கன்னடத்தில் சொன்னார். அவர் அதற்குமேல் இறங்கி வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அய்யங்காரின் குரல் குறைந்தது. இந்தத் தடவை பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"மெஷின்மேல எழுதாதேயும். அது மாட்டின சக்கரத்தை மாட்டினபடி சுத்தித்து. 128னு சொன்னது நான். என் பேரைப் போடும்."

மேனேஜர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. பரிசோதகர் வந்தார், பட்டைப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். போலீஸ் பேச்சு அடங்கிவிட்டது. மாதம்மா தன் தொட்டிக்குத் திரும்பினாள். ஆனால் மதியம் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். பட்டு சரியானது எல்லோருக்கும் தெரியும். எப்படிச் சரியானது என்பது யாருக்கும் தெரியாது. பயந்துபோய்க் கெடுப்பதை விட்டுவிட்டாள் என்றுதான் வரிசையில் பேசிக்கொண்டார்கள். நான் அதை அய்யங்காரிடம் சொன்னேன்.

அவர் உடனே எழுந்து நூற்புக் கொட்டகைக்கு வந்தார். சூப்பரிண்டெண்ட் அந்த ஆவிக்குள் வருவது அபூர்வம். மாதம்மாவின் தொட்டி முன்னால் போய் நின்று, "அம்மா, நோக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "நூல் அறுந்துருமுங்க சாமி. கூடு முடியட்டும்."

அவர் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆவியில் நனைந்துகொண்டு, கூடுகள் ஒவ்வொன்றாக மெலிந்து மூழ்கும்வரை நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. கொட்டகை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் காலால் தடையை அழுத்தி ராட்டினத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ பட்டைக் கெடுக்கலை. சக்கரத்துல ஒரு பல்லு ஜாஸ்தி. ஜாஸ்தி பண்ணச் சொன்னது நான்" என்றார்.

"நான் கெடுக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க சாமி" என்றாள் மாதம்மா. வரிசையைப் பார்த்து முகவாயை அசைத்தாள். "தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

அய்யங்கார் பக்கத்துத் தொட்டிக்கு நகர்ந்தார். "மாதம்மா பட்டைக் கெடுக்கலை. சக்கரத்துல ஒரு பல்லு ஜாஸ்தி. ஜாஸ்தி பண்ணச் சொன்னது நான்." அடுத்த தொட்டி. அதே வார்த்தைகள். தமிழ்க்காரியிடம் தமிழில், கன்னடக்காரியிடம் கன்னடத்தில். எங்கும் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சிலர் எழுந்து நின்றார்கள். சிலர் நூலை விட முடியாமல் உட்கார்ந்தபடியே கேட்டார்கள். அவர் யாரையும் விடவில்லை, இரண்டு வரிசையும் சுற்றி வந்தார்.

கடைசித் தொட்டியில் இருந்தவள் அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளிடமும் நின்று, முதலிலிருந்து சொன்னார்.

அவள் மலங்க மலங்க விழித்துவிட்டு, "யாருங்க சாமி மாதம்மா?" என்று கேட்டாள்.

அய்யங்கார் திரும்பிக் கையை நீட்டிக் காட்டினார். "அதோ, அந்தக் கோடியில, நாம இவ்வளவு பேசறோம், தலையைத் தூக்காம நூல் இழுத்துண்டிருக்காளே, அவதான்."